பத்து நிமிஷ வேலை

மொந்தேவிதேயோ துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய கம்பளிக் கிடங்கு ஒன்றுக்குள்
எங்கள் வீட்டைக் கட்டியிருந்தார்கள்.
மூன்று சுவர்.
நான்காவது நிற்க வேண்டிய இடத்தில் கேமரா,
சுருண்டு கிடக்கும் ஒயர்கள்,
நின்றபடி சாண்ட்விச் தின்னும் ஆட்கள்.

அம்மாவுக்கு எண்பத்தொன்று.
உள்ளே போனதும் சமையலறைக் குழாயைத் திருகினாள்.
தண்ணீர் வரவில்லை.
"சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்
அந்த வாரம் முழுக்க வரவில்லை" என்றாள்.

கடிகாரம்தான் தப்பு.
எங்களிடம் கடிகாரமே இருந்ததில்லை,
எதிர்வீட்டு ரேடியோ சொன்னதுதான் மணி.
இயக்குநர் யமாந்து அதைக் கழற்றச் சொன்னான்.
சுவரில் ஆணி மட்டும் நின்றது.
"ஆணி இருந்தது" என்றாள் அம்மா.

தங்கை செலேஸ்தே வரவில்லை.
மால்மோவிலிருந்து போனில் கேட்டது ஒன்றே ஒன்று:
கதவுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள்?
பச்சை என்றேன்.
நெடுநேரம் பேசவில்லை. பிறகு,
"நீலமில்லையா?"
நாற்பத்து மூன்று வருடமாக
ஒரே கதவை ஆளுக்கொரு நிறத்தில் வைத்திருந்திருக்கிறோம்.
அம்மாவிடம் நான் கேட்கவில்லை.
அவள் மூன்றாவதாக ஒரு நிறம் சொல்லிவிட்டால்?

என்னை நடிக்கும் பையனுக்கு ஏழு வயது.
முன்பல் ஒன்று விழுந்திருந்தது.
"நான் இங்கே அழணுமா?"
இல்லை.
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.
அப்பா வரத் தாமதமானால்
அவர் துண்டையும் தின்னலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
"தின்னீங்களா?"
தின்றேன்.
ஐம்பது வயதில், ஒரு பல்லில்லாத பையனிடம்
முதன்முதலாக ஒப்புக்கொண்டேன்.

பிறகு அந்தக் காட்சி.
நான்கு பேர், சாதாரண உடை, நல்ல மரியாதை.
வெளியே ஜூலைக் குளிர்,
ஆற்றுக் காற்று செரோ மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது.
"செருப்போடு வராதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.
பத்து நிமிஷ வேலை,
ஒரு கையெழுத்து."
இறைச்சி ஆலையின் கணக்கர்,
சங்கத்தின் பொருளாளர்,
அன்செல்மோ எச்செகாராய் குனிகிறார்.
நடிகர் லேஸை அழகாக இரட்டை முடிச்சுப் போட்டார்.

"கட்டவில்லை."
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
"அவர் கட்டவில்லை" என்றாள் அம்மா.
"பத்து நிமிஷத்துக்கு யார் கட்டுவார்கள்?"

அதன்பின் லேஸ் தரையில் இழுபட அவர் போனார்.
கிடங்கின் மேல் ஒரு விமானம். ஒன் மோர்.
நால்வரில் ஒருவன் சிரித்துவிட்டான். ஒன் மோர்.
வெளிச்சம் போதவில்லை, மாத்தே சிந்திவிட்டது,
பையன் கேமராவைப் பார்த்துவிட்டான்.
ஒவ்வொரு முறையும் பச்சைக் கதவு திறந்து
அவர் திரும்பி வந்தார்.
கைகளைத் தேய்த்துக்கொண்டே,
கோட்டை மாட்டிவிட்டு
அதே நாற்காலியில் உட்கார்ந்து
"சூடு இருக்கிறதா இன்னும்?" என்று கேட்டார்.
உதவியாளர் பெண் வெந்நீர் ஊற்றினாள்.
ஒவ்வொரு முறையும் அம்மா
தன் இருக்கையிலிருந்து பாதி எழுந்தாள்.

பதினொரு முறை போனார்.
பத்து முறை வந்தார்.

யமாந்து "ஓகே" என்றான். கைதட்டினார்கள்.
விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினார்கள்.
கதவு மூடியே இருந்தது.
அந்தப் பக்கம், வாசலில், சிகரெட் வாசனை.

"தம்பி" என்று கூப்பிட்டாள் அம்மா.
"ஏதோ இரைச்சல் கேட்டதே. நடுவில்.
பதிவாகியிருக்குமே?"
இரைச்சல் எதுவும் இல்லை. எனக்குத் தெரியும்.
யமாந்து ஒலிப்பதிவாளரைப் பார்த்தான்.
அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும்.
ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி
அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஆமாம்" என்றார்.
"கேட்டது. எனக்கும் கேட்டது."

விளக்குகள் மறுபடி எரிந்தன.
கதவுக்கு அப்பால் யாரோ சிகரெட்டை மிதித்து அணைக்கும் ஓசை.
அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்,
காதருகே, யாருக்கும் கேட்காமல்:

"இந்தத் தடவை
கட்டிக்கொண்டே போகச் சொல்."